மத வெறுப்பில் கொன்றால் அது சாதகமான அம்சமா?

2014 ஜூன் 2, இரவு. புனேயின் ஹடப்சர் பகுதியில் தொழுகை முடித்துவிட்டு நண்பருடன் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார் ஓர் இளம் ஐடி ஊழியர். சத்ரபதி சிவாஜியையும் பால் தாக்கரேயையும் இழிவுபடுத்தும் படங்களை யாரோ முகநூலில் போட்டுவிட்டார்கள் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம். அந்தப் படங்களுக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தாடி வைத்திருந்தார், வெளிர்பச்சைச் சட்டை போட்டிருந்தார், அவ்வளவுதான். அடித்தே கொன்றுவிட்டார்கள்.

2017 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் இந்தக் கொலையில் குற்றம்சாட்டப்பட்ட மூன்று பேருக்கு ஜாமீன் கொடுத்தது. உத்தரவில் சொன்ன காரணத்தை இன்று படித்தாலும் வயிறு எரிகிறது: இறந்தவர் செய்த தவறு வேறு மதத்தைச் சேர்ந்தவராக இருந்தது மட்டுமே, மதத்தின் பெயரால் தூண்டப்பட்டுத்தான் இவர்கள் கொன்றதாகத் தெரிகிறது, ஆகவே இது இவர்களுக்குச் சாதகமான அம்சம். முன்விரோதம் இல்லாமல், முகம்கூடத் தெரியாத ஒருவரை மதத்துக்காகவே கொல்வது கொலையை இன்னும் கொடியதாக்கும் என்றுதானே நீங்களும் நானும் நினைப்போம்? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது, நல்ல வேளை. ஆனால் 2023 ஜனவரியில் புனே நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட அத்தனை பேரையும் விடுதலை செய்துவிட்டது.

“கொலை கொலைதான், அதில் மதம் எதற்கு” என்று கேட்பவர்களுக்கு: சாதி வன்கொடுமைக்கு 1989-லேயே தனிச் சட்டம் கொண்டு வந்தோமே, ஏன்? ஆளைப் பார்க்காமல் பிறப்பைப் பார்த்து விழும் அடி, அந்தத் தெருவில் இருக்கும் எல்லோர் மேலும் விழுகிறது என்பதால்தானே. மதத்தைப் பார்த்து விழும் அடிக்கு மட்டும் ஏன் அது பொருந்தாது?

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடிக் கொல்வதைத் தனியாகச் சொல்கிறது. இனம், சாதி அல்லது சமூகம், பாலினம், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை என்று வரிசையாகப் போகும் கொலைக் காரணங்களின் பட்டியலில் மதம் இல்லை. ‘சமூகம்’ என்பதில் அடங்கும், ‘அது போன்ற வேறு காரணம்’ என்பதில் அடங்கும் என்று வாதாடலாம்தான். மாட்டிறைச்சி வைத்திருந்ததாகச் சொல்லி 2015-ல் உத்தரப் பிரதேசத்தின் தாத்ரியில் ஒருவரை வீடு புகுந்து கொன்றார்கள், 2017-ல் ராஜஸ்தானின் ஆல்வாரில் மாடுகளை வண்டியில் ஏற்றிவந்தவரை நடுரோட்டில் அடித்துக் கொன்றார்கள். இவ்வளவுக்குப் பிறகு எழுதிய சட்டத்தில் மதத்தை எதற்கு வாதாடி உள்ளே கொண்டுவர வேண்டும்? நேராகவே எழுதுங்கள். மத வெறுப்பால் நடந்த குற்றம் என்று தெரிந்தால் தண்டனை கூடும், ஜாமீனில் அது ஒருபோதும் சலுகை ஆகாது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.