கணக்கை முடக்கினால் யாரிடம் போய்க் கேட்பது?

சிறிய இசை நிறுவனம் நடத்துகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ராயல்டி குறைவு என்ற பேச்சுதான் முதலில் வரும். குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் அது இரண்டாவது பிரச்சினை. நம் பாட்டுக்கும் அதைக் கேட்பவருக்கும் நடுவில் இருக்கும் விநியோக நிறுவனம், காரணம் சொல்லாமல் ஒரே நாளில் நம்மை வெளியே தள்ளிவிடலாம் என்பதே முதல் பிரச்சினை. தள்ளிய பிறகு முறையிட ஓர் ஆள்கூட இல்லை. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

விவரம் தெரியாதவர்களுக்காக: ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்களில் எங்களைப் போன்ற சிறிய லேபிள்கள் (பாட்டுகளைப் பதிவு செய்து வெளியிடும் நிறுவனங்கள்) நேரடியாகப் பாட்டை ஏற்ற முடியாது. ஸ்பாட்டிஃபை 2018-ல் கலைஞர்கள் தாங்களே ஏற்றுவதற்கு ஒரு சோதனை வழியைத் திறந்தது; 2019 ஜூலையில் மூடிவிட்டது. ஆகவே விநியோகம் செய்யும் நிறுவனம் ஒன்றிடம் ஆண்டுக் கட்டணமோ வருமானத்தில் பங்கோ கொடுத்து, அதன் வழியாகத்தான் போக வேண்டும். பணமும் அதே வழியில்தான் திரும்பி வரும். அவர்கள் தரும் கணக்கைத் தவிர வேறு கணக்கு நம்மிடம் இருக்காது.

நாங்கள் மும்பை சயான் கோலிவாடாவில் ஓர் அறையில் வேலை செய்கிறோம். தாராவித் தமிழ்ப் பிள்ளைகளின் ராப், செம்பூர், மாட்டுங்கா கோயில்களில் வாசிக்கும் கலைஞர்களின் நாகஸ்வரம், நெல்லைப் பக்கத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள் இன்னும் மறக்காமல் வைத்திருக்கும் வில்லுப்பாட்டு ஆகியவற்றைப் பதிவு செய்கிறோம். பெரிய நிறுவனம் எதுவும் இவற்றைத் தொடாது. நாங்களும் விட்டுவிட்டால் ஒலிவடிவில் இவை எங்குமே இருக்காது.

கடந்த ஆண்டு ஒரு ராப் பாட்டு வெளியிட்டோம். பாடிய பையன் பகலில் கூரியர் வேலை பார்க்கிறான். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது விநியோக நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: “செயற்கையான கேட்புகள் கண்டறியப்பட்டுள்ளன.” பாட்டு நீக்கப்பட்டது. அடுத்த நாள் எங்கள் கணக்கு முழுவதுமே முடக்கப்பட்டது. அந்தப் பாட்டுக்குச் சிறிதும் சம்பந்தமில்லாத நாகஸ்வரத் தொகுப்பும் வில்லுப்பாட்டும் எல்லாத் தளங்களிலிருந்தும் போயின. அதுவரை சேர்ந்திருந்த பணத்தையும் நிறுத்தி வைத்தார்கள்.

இந்தச் செயற்கைக் கேட்பு, அதாவது ஆள் கேட்காமலே பாட்டு கேட்கப்பட்டதாகக் கணக்கு ஏற்றுவது, எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பணம் வாங்கிக்கொண்டு, கேட்பு எண்ணிக்கையை ஏற்றித் தருவதாகச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் பாட்டு வெளியான அன்றே அவர்களிடமிருந்து செய்தி வந்துவிடும். அவர்கள் பாட்டுப் பட்டியல் ஒன்றை உருவாக்கி, தானியங்கி நிரல்களை வைத்து இரவும் பகலும் ஓட விடுவார்கள். பிடிபடாமல் இருக்கவும் பட்டியல் இயல்பாகத் தெரியவும், பணம் கொடுக்காதவர்களின் பாட்டுகளையும் நடுநடுவே கலப்பார்கள். எங்கள் பாட்டும் அப்படி ஒரு பட்டியலில் இருந்தது. யார் சேர்த்தது என்று எங்களுக்குத் தெரியாது. தடுக்க நமக்கு வழியும் இல்லை.

2024 முதல் ஸ்பாட்டிஃபை, அப்பட்டமான செயற்கைக் கேட்பு கண்ட பாட்டு ஒவ்வொன்றுக்கும் லேபிளிடமோ விநியோகஸ்தரிடமோ அபராதம் வசூலிக்கிறது. அந்த விதியை நான் எதிர்க்கவில்லை. பொய்க் கேட்புகளுக்குப் போகும் பணம், உண்மையாகக் கேட்கப்பட்ட பாட்டுகளின் பங்கிலிருந்துதான் போகிறது. அதில் எங்கள் பங்கும் உண்டு. ஆனால் அபராதத்துக்குப் பயந்த விநியோக நிறுவனம், விசாரிப்பதற்குப் பதிலாக ஆளையே வெட்டிவிடுகிறது. எந்தத் தேதியில், எந்த நாட்டிலிருந்து, எந்தப் பட்டியல் வழியாக அந்தக் கேட்புகள் வந்தன என்று கேட்டோம். பதிலாக முதல் மின்னஞ்சலே எழுத்து மாறாமல் மீண்டும் வந்தது. ஒரு வீட்டில் மின்திருட்டு என்று சந்தேகம் வந்தால் கட்டடம் முழுவதற்கும் இணைப்பைத் துண்டிப்பார்களா? இங்கே துண்டித்தார்கள்.

அந்தப் பையனின் அம்மா தாராவியில் விடியற்காலையில் இட்லி அவித்து விற்பனைக்கு அனுப்புகிறவர். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “என் மகன் காசு கொடுத்து ஏமாற்றினான் என்று எழுதியிருக்கிறார்களா, தம்பி?” அப்படி நேரடியாக எழுதவில்லை. ஆனால் எழுதியிருப்பதை எப்படிப் படித்தாலும் அதுதான் பொருள். நாகஸ்வரம் வாசித்த பெரியவர் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். ஒவ்வொரு உருப்படியின் பெயரும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது, தொட்டால் ஒலிக்கவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் பேத்திக்கு இணைப்பை அனுப்பியிருந்தாராம், அவள் கேட்பதற்குள் போய்விட்டது. தளத்தின் முகத்தையோ விநியோகஸ்தரின் முகத்தையோ இவர்கள் பார்த்ததே இல்லை. பதில் சொல்ல வேண்டியவன் லேபிள்காரன்தான்.

இந்த நாகஸ்வரத் தொகுப்பு தளங்களுக்குப் போனதே பெரும் பாடு. அதில் தியாகராஜர் கிருதிகள் இருந்தன. அவர் மறைந்தது 1847-ல். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டுகளோடு பதிப்புரிமை முடிகிறது. ஆனால் விநியோக நிறுவனத்தின் படிவத்தில் இரண்டே கட்டங்கள்: சொந்தப் படைப்பா, இன்னொருவர் பாட்டின் மறுபதிவா? மறுபதிவு என்று குறித்தால் இசையமைப்பாளரின் உரிமம் கேட்கிறார்கள். சொந்தப் படைப்பு என்று குறிக்க எந்த வித்வானுக்கு மனம் வரும்? பாரதியார் பாட்டுக்கும் இதே கதை. அவருடைய எழுத்துகளின் உரிமையை 1949-லேயே சென்னை அரசு எடுத்துக்கொண்டு, பிறகு பொதுச்சொத்தாக்கியது. தமிழ் படித்த எவருக்கும் தெரிந்த செய்தி அது. அதைச் சரிபார்க்கும் இடத்தில் இருப்பவருக்குத் தெரியவில்லை. தமிழ்ப் பாட்டை வாங்கி விற்கும் நிறுவனம், தமிழ் தெரிந்த ஒருவரையாவது பரிசீலனைக்கு வைக்க வேண்டாமா?

யூடியூபில் ஏற்றப்படும் பாட்டு யாருடையது என்று தானாக ஒப்பிட்டுப் பார்க்கும் கன்டென்ட் ஐ.டி. இன்னொரு தொல்லை. இரண்டு வித்வான்கள் ஒரே கிருதியை வாசித்தால் ராகமும் சங்கதியும் (ஒரே வரியை மாற்றி மாற்றி மெருகேற்றி வாசிக்கும் விதமும்) ஒத்துத்தான் இருக்கும். இயந்திரம் அதைப் பார்த்து, ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருக்கும் நிறுவனத்தின் சொத்து என்று சொல்லிவிடுகிறது. நாம் ஆட்சேபித்தால் பதில் சொல்ல அந்த நிறுவனத்துக்கு 30 நாள் அவகாசம். கச்சேரிப் பதிவு புதிதாக இருக்கும் முதல் மாதம் அதிலேயே கரைந்துவிடும்.

பெயர்க் குழப்பம், மாதக்கணக்கில் தாமதமாகும் பணம், டாலரில் வரும்போது பிடிக்கப்படும் வரி, 12 மாதத்தில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் காசே இல்லை என்ற விதி, இவையெல்லாம் தனியாக எழுத வேண்டியவை. வில்லுப்பாட்டு அந்த ஆயிரத்தைத் தொடப் பெரும்பாடு படும் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

விநியோகஸ்தர் விழுந்தால் சிறியவர்கள் சேர்ந்து விழுவது புதிதல்ல. 2008 டிசம்பரில் பிரிட்டனில் பினக்கிள் என்ற விநியோக நிறுவனம் திவாலானபோது நூற்றுக்கணக்கான சிறிய லேபிள்கள் வர வேண்டிய பணத்தையும் கிடங்கில் இருந்த சரக்கையும் எண்ணித் தவித்தன. 2011 ஆகஸ்டில் லண்டன் கலவரத்தில் என்ஃபீல்டில் இருந்த சோனி கிடங்கு எரிந்து, பயாஸ் என்ற விநியோக நிறுவனம் வழியாக விற்ற சிறிய லேபிள்களின் இசைத்தட்டுகள் சாம்பலாயின. அப்போதாவது என்ன போயிற்று, ஏன் போயிற்று என்று எல்லோருக்கும் தெரிந்தது. இப்போது ஏன் போயிற்று என்பதே தெரிவதில்லை.

2019-ல் மும்பை உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. உரிமையாளரின் சம்மதம் இல்லாமலே கட்டணம் கட்டிப் பாட்டை ஒலிபரப்ப வானொலிக்குச் சட்டம் தரும் சலுகையை இணைய ஒலிபரப்புச் சேவைகள் கோர முடியாது, அவற்றுக்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்பது அதன் சாரம். பெரிய லேபிளுக்கு அது பேரம் பேசும் பலம், பாட்டைத் தர மாட்டேன் என்று சொல்லலாம். எங்களுக்கு அந்தப் பலம் இல்லை. சம்மதம் தரும் அதிகாரத்தை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே விநியோகஸ்தருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறோம். வழக்கு என்று வந்தால் நியூயார்க்கிலோ லண்டனிலோ பாரிஸிலோ நடத்திக்கொள்ள வேண்டும் என்றும் அதே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். சயானிலிருந்து யார் போவது?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பாட்டை நீக்கும் முன் ஆதாரத்தோடு எழுத்தில் காரணம் வேண்டும். குற்றம் ஒரு பாட்டின் மீது என்றால் நடவடிக்கையும் அந்தப் பாட்டோடு நிற்க வேண்டும். மற்றக் கலைஞர்களுக்குச் சேர வேண்டிய பணத்தைத் தொடக் கூடாது. வழக்கு இந்திய நீதிமன்றத்தில் நடக்க வேண்டும். நம் பக்கம் செய்ய வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு ஒலிப்பதிவையும் தனியே அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீட்டை விநியோகஸ்தர் கையில் விடாமல் நம் பெயரிலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அது இருந்தால்தான் வேறு விநியோகஸ்தரிடம் போகும்போது பழைய கேட்புக் கணக்கைக் காப்பாற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

இதில் எதையும் தனி ஆளாகக் கேட்டுப் பெற முடியாது. மெர்லின் என்ற அமைப்பு உலகெங்குமுள்ள சுயேச்சை லேபிள்களுக்காகத் தளங்களோடு நேரடியாக ஒப்பந்தம் பேசுகிறது. எங்கள் அளவில் இருப்பவர்கள் தனித்தனியாகப் போய் அதில் சேர்வது கடினம். ஒன்றுசேர்ந்து ஓர் அமைப்பாகப் போனால் பேசலாம். கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் நடத்தியே பழகிய ஊர் மும்பை. ஒரு லிஃப்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பாட்டுக்காக ஒரு கூட்டுறவுச் சங்கம் நடத்த முடியாதா?

மும்பை, புனே, பெங்களூரில் தமிழ்ப் பதிவுகளை வெளியிடும் சிறிய லேபிள்காரர்கள் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள், அல்லது உள்பெட்டியில் தொடர்புகொள்ளுங்கள். அடுத்த மாதம் மாட்டுங்காவில் முதல் கூட்டம் வைக்கலாம் என்றிருக்கிறோம். வரும்போது உங்கள் விநியோக ஒப்பந்தத்தின் நகலை எடுத்து வாருங்கள். கணக்கை முடக்குவது பற்றிய பிரிவை எல்லோருமாக உட்கார்ந்து முதலில் படிப்போம்.