காரணி தெரியாமலே பகு எண்

காரணியைக் கண்டுபிடித்தால்தான் ஓர் எண் பகு எண் என்று நிரூபணம் ஆகும் என்று தோன்றலாம். அப்படி இல்லை. 2இன் 10,48,576ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது எஃப்20 என்ற ஃபெர்மா எண் (2இன் அடுக்காக இன்னொரு 2இன் அடுக்கே வந்து, அதோடு 1 கூட்டிய எண்), 3,15,653 இலக்கங்கள்! அது பகு எண் என்று 1980களிலேயே உறுதியாகிவிட்டது. பல பத்தாண்டுகள் தேடியும் ஒரு காரணிகூட சிக்கவில்லை.

எப்படி? ஃபெர்மா எண் பகா எண்ணா என்று பார்க்கும் பெப்பின் சோதனைதான். ஃபெர்மா எண்ணில் 1 கழித்துப் பாதியாக்கி, 3ஐ அந்த அடுக்குக்கு உயர்த்துங்கள். அது பகா எண் என்றால், வந்த விடையை அந்த ஃபெர்மா எண்ணால் வகுக்கும்போது மீதி, அந்த எண்ணைவிட 1 குறைவாக வந்தே ஆக வேண்டும். வரவில்லையா, பகு எண்தான். சோதனை காரணியைத் தேடவே இல்லை, கவனியுங்கள்.

ஒளிந்திருக்கும் காரணிகளைப் பற்றியும் கொஞ்சம் தெரியும்: எதை எடுத்தாலும் 41,94,304ஆல் வகுத்தால் மீதி 1.