அமெரிக்க வீடுகளில் பாதியை பிளாக்ராக் வாங்கிவிட்டதா?

"அமெரிக்காவில் விற்பனையாகும் தனி வீடுகளில் 44 சதவீதத்தை பிளாக்ராக் வாங்குகிறது" என்று, அமெரிக்க முதலீட்டு நிறுவனமான பிளாக்ராக்கைப் பற்றி ஒரு ஃபார்வேர்டு சுற்றுகிறது. தவறு.

முதலில் பெயர்க் குழப்பம். 2012-ல் இன்விடேஷன் ஹோம்ஸ் என்ற வாடகை வீட்டு நிறுவனத்தைத் தொடங்கி வீடுகளை வாங்கிக் குவித்தது பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம். 2019-ல் அதில் தனக்கிருந்த பங்குகளை விற்றுவிட்டது. பிளாக்ராக் வேறு நிறுவனம். தன் ஃபண்டுகள் வழியாக இத்தகைய நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

எண்ணும் பிழை. அமெரிக்க அரசுக் கணக்காய்வு அலுவலகத்தின் (ஜி.ஏ.ஓ.) 2024 அறிக்கைப்படி, 2022-ல் பெருநிறுவனங்களிடம் இருந்தவை சுமார் 4,50,000 வீடுகள். வாடகைக்கு விடப்படும் தனி வீடுகளில் இது ஏறக்குறைய 3 சதவீதம். அதற்காகப் பிரச்சினையே இல்லை என்று சொல்ல முடியாது: அட்லாண்டாவில் அதே விகிதம் 25, ஜாக்சன்வில்லில் 21, சார்லட்டில் 18 சதவீதம். நாட்டு சராசரி இதை மறைத்துவிடுகிறது.

உங்கள் தெரு நிலவரத்தை நீங்களே பார்க்கலாம். உங்கள் கவுன்ட்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சொத்து மதிப்பீட்டாளரின் இணையதளத்தில் முகவரியைத் தேடுங்கள். உரிமையாளர் பெயரை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். ஒரே நிறுவனம் பல எல்.எல்.சி. (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) பெயர்களில் வாங்கும். வரி ரசீது போகும் அஞ்சல் முகவரியைப் பாருங்கள். வெவ்வேறு பெயர்கள், ஒரே முகவரி என்றால் பெரும்பாலும் ஒரே உரிமையாளர்தான். எல்.எல்.சி. என்றாலே பெருநிறுவனம் என்றும் நினைக்க வேண்டாம். ஒற்றை வீட்டுக்காரர்களும் அப்படிப் பதிவு செய்வதுண்டு.

இப்படித் தேடிக் கண்டதைப் பட்டியலிட்டு நகர மன்றக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். 44 சதவீத ஃபார்வேர்டை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.