பைக்குக் கொடுத்த காசு ஓடைக்கு வரட்டும்

போன சனிக்கிழமை கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு முடித்துவிட்டு வரும் வழியில் கடைக்குப் போனேன். துணிப்பையை வீட்டிலேயே மறந்துவிட்டதால் இரண்டு பிளாஸ்டிக் பை வாங்க வேண்டியதாகிவிட்டது. வீட்டுக்கு வந்து ரசீதைப் பார்த்தேன். அரிசி, பருப்பு, டின் மீன், கடைசியில் பை இரண்டு. இங்கே தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொரு பையின் விலைக்குள்ளும் 32 சென்ட் சுற்றுச்சூழல் வரி இருக்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து அதுதான் கணக்கு. பை தயாரிப்பவரிடம் அரசாங்கம் வாங்குகிறது, அவர் கடைக்காரர் தலையில் வைக்கிறார், கடைக்காரர் நம் தலையில் வைக்கிறார். ரசீதில் மட்டும் அது தெரிவதில்லை.

இந்த 32 சென்ட் எங்கே போகிறது என்று நான் கேட்கத் தொடங்கியது 2022 ஏப்ரல் 11 ராத்திரிக்குப் பிறகுதான்.

டர்பன்காரர்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னாலே போதும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 400 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். நகருக்கு வடக்கே தொங்காட்டில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் நாசமாகி, அங்கே இருக்கிற நம் ஆட்கள் மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றார்கள்.

எங்கள் வீடு டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு சரிவில் இருக்கிறது. பின்னால் ஒரு சின்ன ஓடை. மழையில்லாத நாளில் ஒரே தாவாகத் தாண்டிவிடலாம். அது சாலைக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாய் வழியாகப் போகும். அன்று ராத்திரி பத்து மணிக்கு மேல் தண்ணீர் எங்கள் பக்கம் ஏற ஆரம்பித்தது. கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டு ஆயா, எழுபது தாண்டியவர், தோட்டத்து மண்வெட்டியோடு வெளியே வந்து, "கொழா வாயி அடச்சிருக்கும், வா கண்ணு" என்றார். நானும் என் வீட்டுக்காரரும் எதிர்வீட்டுப் பையன்கள் இரண்டு பேரும் போனோம். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், குழாய் வாயில் ஒரு மரக்கிளை குறுக்கே விழுந்திருக்கிறது. அதில் பைகள். ஒன்றன்மேல் ஒன்றாக, சேற்றோடு சேர்ந்து, பாய் முடைந்தது போல. கையால் இழுத்தால் வரவில்லை. மண்வெட்டியால் கொத்திக் கொத்தித்தான் எடுத்தோம். கொஞ்சம் வழி கிடைத்ததும் தண்ணீர் உறுமிக்கொண்டு உள்ளே போனது. அதற்குள் ஆயா வீட்டுச் சமையலறையில் முழங்கால் அளவு ஏறிவிட்டது. பைகளில் இருந்த கடைப் பெயர்களைக் காலையில் படித்தேன். எல்லாம் நாம் தினமும் போகிற கடைகள்.

அந்த வெள்ளமே பையால் வந்தது என்று நான் சொல்லவில்லை. நாற்பது வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடிய அப்படிப்பட்ட மழை, பூமி சூடேறியதால் இப்போது இருபது வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடியதாகிவிட்டது என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். வெள்ளம் நமக்குப் புதிதும் இல்லை. ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் உம்பிலோ ஆற்றங்கரையில் கட்டிய கோயிலை 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அன்றைக்குப் பிளாஸ்டிக்கே கிடையாது. ஆனால் மழை இனி இப்படித்தான் வரும் என்றால், இருக்கிற குழாயையும் ஓடையையும் திறந்து வைக்க வேண்டாமா? அதற்குக் காசு வேண்டும். அந்தக் காசை நாம் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

2003க்கு முன்னால் இந்த நாட்டில் பை இலவசம். வேலிகளிலும் முட்செடிகளிலும் சிக்கிப் படபடக்கும் பைகளை 'தேசிய மலர்' என்றே சொல்வார்கள். 2003இல் பைக்குத் தடிமன் நிர்ணயித்தார்கள், கடைகள் காசு வாங்க ஆரம்பித்தன, அதன் பின்னாலேயே 3 சென்ட் வரியும் வந்தது. மறுசுழற்சியை வளர்த்து வேலை கொடுக்க 'புயிசா-இ-பேக்' என்று ஒரு அமைப்பையும் வைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அது 2011இல் மூடப்பட்டது. வரி மட்டும் நிற்கவில்லை. 4, 6, 8, 12, 25, 28 என்று ஏறி 32க்கு வந்திருக்கிறது. அந்தப் பணம் முழுவதும் தேசிய வருவாய் நிதிக்குப் போய் மற்ற வரிகளோடு கலந்துவிடுகிறது. கலந்த பிறகு எது ஓடைக்காசு, எது வருமான வரி என்று யாரால் பிரிக்க முடியும்?

கரியமில வாயுவை வெளியே விடுவதற்குப் போடுகிற கார்பன் வரியும் இதே கதைதான். 2019 ஜூனில் ஒரு டன் வாயுவுக்கு 120 ரேண்டில் ஆரம்பித்தது, 2025இல் 236 ரேண்ட். பெரிய ஆலைகளுக்கு எடுத்தவுடனே 60 சதவீதம் தள்ளுபடி, மற்ற சலுகைகளையும் சேர்த்தால் 95 சதவீதம் வரை போகும். பெட்ரோல் பங்கில் நமக்கு அப்படி எந்தத் தள்ளுபடியும் கிடையாது. 2025இல் லிட்டருக்கு 14 சென்ட் கார்பன் வரி, முழுசாக. டர்பனின் தெற்கே மியர்பேங்கில் தலைமுறை தலைமுறையாக எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகையைச் சுவாசித்த குடும்பங்கள் அந்தக் காசைக் கட்டுகின்றன. அதில் இத்தனை ரேண்ட் இந்தத் தெருவுக்கு மரம் வைக்க, இந்த மழைநீர்க் கால்வாயைத் தூர்வார என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருக்கிறார்களா?

சட்டத்தில் வழியில்லை என்பார்கள். இருக்கிறது. பெட்ரோலுக்கு நாம் கட்டும் பொது எரிபொருள் வரியில் ஒரு பங்கு 2009இலிருந்து மாநகரங்களுக்குத்தான் போகிறது. முன்பு வட்டாரங்கள் வசூலித்து வந்த ஒரு வரியை ரத்து செய்ததற்கு ஈடாகப் பின்னால் வந்த ஏற்பாடு இது. எந்த ஊரில் எவ்வளவு எரிபொருள் விற்கிறது என்று பார்த்து எட்டு மாநகரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள், எத்தெக்வினி என்கிற நம் டர்பன் மாநகராட்சி உட்பட. பெட்ரோல் வரியைப் பிரிக்கத் தெரிந்த நிதியமைச்சகத்துக்குப் பை வரியையும் கார்பன் வரியையும் பிரிக்கத் தெரியாதா? பாதியை நகரங்களுக்குக் கொடுங்கள். சின்ன ஊர்களுக்கும் ஒரு பங்கு வையுங்கள். ஆற்றுக்கும் கால்வாய்க்கும் குப்பைக்கும் மட்டுமே செலவழிக்கலாம் என்று எழுதிக் கொடுங்கள்.

"மாநகராட்சியிடம் கொடுத்தால் கிணற்றில் போட்ட கல்தான்" என்று என் வீட்டுக்காரர் உட்படப் பலர் சொல்கிறார்கள். கோபம் நியாயமானது. வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கலந்து கடற்கரைகளை மாதக்கணக்கில் மூடி வைத்திருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆனால் இதே மாநகராட்சி செய்த ஒரு நல்ல வேலையும் இருக்கிறது. இனாண்டா, க்வாமாஷு, உம்லாசி பக்கம் சுமார் 300 கிலோமீட்டர் ஓடைகளை அந்தந்தப் பகுதி மக்களின் கூட்டுறவுக் குழுக்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். சிஹ்லான்சிம்வெலோ என்று பெயர். ஒவ்வொரு குழுவுக்கும் இத்தனை கிலோமீட்டர் என்று அளந்து விடுவார்கள். குப்பை எடுப்பது, வேண்டாத செடிகளை வெட்டுவது, கழிவுநீர்க் குழாய் உடைந்திருந்தால் தகவல் சொல்வது அவர்கள் பொறுப்பு. ஓடையும் ஓடுகிறது, வேலையில்லாதவருக்கு மாதச் சம்பளமும் கிடைக்கிறது. பை வரியில் வருகிற பணத்தைக் கிலோமீட்டர் கணக்கில் இப்படிப்பட்ட குழுக்களுக்குப் பிரித்துவிட்டால், எந்த ஓடைக்கு எவ்வளவு போனது, அது சுத்தமாக இருக்கிறதா என்று அங்கே குடியிருப்பவரே எட்டிப்பார்த்துச் சொல்லிவிடுவார். முதல் காசு ஆற்றோரம் தகரக் கொட்டகையில் இருப்பவர்களின் பக்கம் போகட்டும். சாட்ஸ்வொர்த் பிறகு வரட்டும், பரவாயில்லை. தண்ணீர் ஏறினால் எங்களுக்கு மாடிப்படியாவது இருக்கிறது.

வரி என்றாலே நம் வீடுகளில் ஒரு கசப்பு உண்டு. அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பதால் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்லுவேன். ஒப்பந்தம் முடிந்தும் இந்த மண்ணில் தங்க நினைத்தவர்கள் மேல் 1895ஆம் வருடச் சட்டம் வருடத்துக்கு மூன்று பவுண்டு வரி போட்டது. திரும்பிப் போ, இல்லாவிட்டால் மறுபடியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு என்பதற்காகவே வந்த வரி. 1913இல் நிலக்கரிச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலையை நிறுத்திவிட்டு நம் மக்கள் நடந்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்து பதினாறு வயதில் உயிரை விட்டாள். 1914இல் அந்த வரி ஒழிந்தது. எதற்காக வாங்குகிறாய் என்று கேட்ட சனம் நாம்.

இந்த வரி அப்படிப்பட்டதில்லை. இது ஓடைக்காக, காற்றுக்காக என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள். அதை ஒழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. 32 சென்ட்டை 50 ஆக்கினாலும் கட்டுவேன். ரசீதில் அதைத் தனியாக அச்சடியுங்கள். வருடக் கடைசியில் எங்கள் வார்டுக்கு எவ்வளவு வந்தது, எந்தக் குழாய்க்குப் போனது என்று நூலகப் பலகையில் ஒட்டுங்கள்.

ஜூலையில் புது நிதியாண்டு தொடங்குமுன் மாநகராட்சி பட்ஜெட் வரைவை மக்கள் கருத்துக்கு வைத்தே ஆக வேண்டும். அது சட்டம். அதற்காக ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், தமிழிலும் ஆங்கிலத்திலும். நிதியமைச்சகத்துக்கும் ஒரு பிரதி போகும். என் வீட்டுக்காரரும் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆயா தமிழில் கையெழுத்துப் போட்டார். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மியர்பேங்க், தொங்காட் பக்கம் இருப்பவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். உங்கள் ஓடையின் பெயரையும், அடைபட்டுக் கிடக்கிற குழாய் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். அந்தப் பட்டியலைக் கடிதத்தோடு இணைக்கப் போகிறேன்.