களிம்பு கலக்கும் இளவரசி

பதின்வயதினருக்கான ஃபேன்டஸி நாவல்களை விரும்பிப் படிப்பவள் நான். அதிலும் ஒரு பெண்ணை நடுவில் வைத்து நகரும் கதை கிடைத்துவிட்டால் மற்ற வேலையெல்லாம் அப்புறம்தான். "இன்னுமா டிராகன் கதை படிக்கிறே?" என்று வீட்டிலும் கேட்பார்கள், அலுவலகத்திலும் கேட்பார்கள். ஆமாம், படிக்கிறேன். ஏன் படிக்கிறேன் என்பதை இன்று விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

'வலிமையான நாயகி' என்று பின்னட்டையில் போட்டு விற்கும் புத்தகங்கள் இப்போது ஏராளம். அவற்றில் பாதியை என்னால் முடிக்க முடிவதில்லை. முதல் அத்தியாயத்திலேயே அவள் கத்தி வீசுவாள், யாருக்கும் அடங்க மாட்டாள், வாய்க்கு வாய் பதில் பேசுவாள். அதையெல்லாம் யாரிடம் கற்றாள், எப்போது கற்றாள், கற்கும்போது எங்கெல்லாம் காயம் பட்டது என்று ஒரு வரிகூட இருக்காது. ஐந்தாம் அத்தியாயத்தில் அழகான பையன்கள் இரண்டு பேர் வந்து நிற்பார்கள். அதோடு கத்தி உறைக்குள் போய்விடும். எனக்குப் பிடித்த நாயகிகள் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். அந்த வேலையை ஆசிரியர் பக்கம் பக்கமாக நம் கண்முன் நடத்திக் காட்ட வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான்.

முதலில் ஏரினைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராபின் மெக்கின்லி 1984-இல் எழுதிய 'தி ஹீரோ அண்ட் தி கிரவுன்' நாவலின் நாயகி. அடுத்த ஆண்டே, சிறந்த சிறுவர் நூலுக்குத் தரப்படும் அமெரிக்காவின் நியூபெரி பதக்கம் வாங்கிய புத்தகம் அது. டமார் நாட்டு அரசனின் மகள் ஏரின். அம்மா வடக்கிலிருந்து வந்தவள், சூனியக்காரி என்று ஊர் பேசும். அரச குடும்பத்தில் எல்லோருக்கும் வரும் மந்திர சக்தி ஏரினுக்கு மட்டும் வரவில்லை. "இவள் நிஜமாகவே அரசனின் ரத்தம்தானா?" என்று முதுகுக்குப் பின்னால் கிசுகிசு. உறவுக்காரி ஒருத்தி சீண்டிவிட, அரச ரத்தம் இல்லாதவர்களைக் கொன்றுவிடும் என்று சொல்லப்படும் செடியின் இலைகளைத் தின்று காட்டுகிறாள். செத்துப் பிழைக்கிறாள்.

அந்த நோயிலிருந்து மெல்லத் தேறிவரும் நாட்களில்தான் ஒரு பழைய புத்தகம் அவள் கைக்கு வருகிறது. டிராகன் நெருப்பு உடம்பைச் சுடாமல் காக்கும் களிம்பு ஒன்றின் செய்முறை அதில் இருக்கிறது. என்னென்ன சேர்க்க வேண்டும் என்று இருக்கிறது. எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று இல்லை! ஏரின் என்ன செய்கிறாள்? ஒரு மூலையில் உட்கார்ந்து கலக்க ஆரம்பிக்கிறாள். இதில் ஒரு சிட்டிகை கூட்டி, அதில் ஒரு சிட்டிகை குறைத்து, தீயில் காட்டிப் பார்த்து, எரிந்து போனால் மறுபடி முதலிலிருந்து. இது ஒரு ராத்திரியில் முடிகிற காரியமாக இல்லை. ஆண்டுக்கணக்கில் போகிறது. ஊருக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியாது. இதற்கிடையில் அப்பாவின் கால் ஊனமான கிழட்டுப் போர்க்குதிரை டலாட்டையும் பழக்குகிறாள். அது இனி ஓடாது என்று எல்லோரும் கைவிட்ட குதிரை.

என் அண்ணன் மகளோடு சேர்ந்து இதைப் படித்தபோது, "அத்தை, இவ எப்பவும் களிம்பையே கலக்கிட்டிருக்கா, சண்டை எப்போ வரும்?" என்று கேட்டாள். "வரும்டா, படி" என்றேன். களிம்பு பலிக்கும் பக்கம் வந்தபோது அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள், கைதட்டினாள். சண்டைக் காட்சி எதற்கும் அவள் அப்படிக் கைதட்டவில்லை. அத்தனை தடவை தோற்றதை அவளும் கூடவே இருந்து பார்த்தாள் இல்லையா!

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த நாட்டில் சாதாரண டிராகன்கள் நாய் அளவுதான் இருக்கும். அவற்றைக் கொல்வது வீரச் செயலே இல்லை. வயலையும் வீட்டையும் கெடுக்கும் தொல்லையை ஒழிக்கும் அழுக்கு வேலை. ஏரின் முதலில் கையில் எடுப்பது அந்த வேலையைத்தான். பேரும் புகழும் கிடைக்காத, ஆனால் கிராமத்து ஜனங்களுக்குத் தேவைப்பட்ட வேலை. பெரிய கறுப்பு டிராகன் மௌர் வருவது அதற்குப் பிறகு. அதற்கு எதிராக அவள் களிம்பு முழுதாகக் காப்பாற்றவில்லை. வெந்து, கால் எலும்பு முறிந்து, முடி கருகித்தான் ஜெயிக்கிறாள். அத்தோடு மெக்கின்லி கதையை முடித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் முடிக்கவில்லை. வெற்றிச் சின்னமாகக் கொண்டுவந்து அரண்மனையில் வைத்த டிராகனின் மண்டை ஓடு அவளைப் படுத்துகிறது. ஜெயித்தவள் சோர்ந்து, இருமி, வாழவே பிடிக்காமல் கிடக்கிறாள். ஜெயித்த பிறகு வரும் இருட்டைப் பதின்வயதுப் பிள்ளைகளுக்கான புத்தகத்தில் 1984-இலேயே இவ்வளவு நேர்மையாக எழுதியிருக்கிறார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதைதான் வருகிறது.

அதே காலத்தில் டமோரா பியர்ஸ் எழுதிக்கொண்டிருந்தார். ஆலனா என்ற பெண் இரட்டைச் சகோதரனோடு இடம் மாற்றிக்கொண்டு, பையன் வேஷத்தில் அரண்மனைக்குப் போய் நைட் எனும் குதிரைப் போர்வீரன் ஆகப் பயிற்சி எடுக்கும் கதை. முதல் பாகம் 1983-இல் வந்தது. இதை அவர் முதலில் பெரியவர்களுக்கான ஒரே பெரிய நாவலாகத்தான் எழுதியிருந்தார். பதின்வயதுப் பெண்கள் தங்கியிருந்த ஓர் இல்லத்தில் வேலை பார்த்தபோது அந்தப் பெண்களுக்கு இந்தக் கதையைச் சொன்னார். பிறகு இளையோருக்காக நான்கு பாகங்களாக மாற்றி எழுதினார். அந்த அக்கறை புத்தகத்தில் தெரிகிறது. ஆலனாவுக்கு முதல் மாதவிடாய் வரும் இடத்தைப் பாருங்கள். தனக்கு ஏதோ காயம் என்று பயந்து நகரத்துக்கு ஓடுகிறாள். நண்பன் ஜார்ஜின் அம்மா, வைத்தியம் பார்ப்பவள், உட்கார வைத்து நிதானமாக விளக்கிச் சொல்கிறாள். வாளும் மந்திரமும் இருக்கிற உலகத்தில் இந்த ஒரு பேச்சுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார் பியர்ஸ். எத்தனையோ வீடுகளில் அம்மாக்கள் சொல்லாமல் விட்டதை ஒரு கதைப் புத்தகம் சொல்லியிருக்கிறது.

ஆனால் என் மனசுக்கு மிக நெருக்கமானவள் ஆலனா இல்லை, அவளுக்குப் பின்னால் வந்த கெலட்ரிதான். கெல் என்று கூப்பிடுவார்கள். 1999-இல் வந்த 'ஃபர்ஸ்ட் டெஸ்ட்' அவளுடைய முதல் புத்தகம். பெண்களும் நைட் ஆகலாம் என்று சட்டம் வந்து பத்து வருஷம் ஆகியும் யாரும் முன்வரவில்லை. வேஷம் போடாமல், பெண்ணாகவே வந்து நிற்கும் முதல் ஆள் இவள். வயது பத்து. மந்திர சக்தி கிடையாது. பயிற்சித் தலைவர் வைல்டன் பிரபு அவளுக்கு மட்டும் ஒரு வருஷம் சோதனைக் காலம் என்று நிபந்தனை போடுகிறார். எந்தப் பையனுக்கும் அது இல்லை. வேலைக்குப் போகிற பெண்கள் இந்த இடத்தைப் படித்தால் ஒரு நிமிடம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் வைத்தேன்.

ஆலனா அவளோடு பேசவே கூடாது என்று தடை. பேசினால் மந்திரம் போட்டு உதவினாள் என்று பழி வரும். அதனால் ஆலனா பெயர் போடாமல் பரிசு அனுப்புகிறாள். அந்தப் பரிசில் ஒன்று, அடிபட்ட இடத்தில் பூச மருந்து. என்ன வரப்போகிறது என்று அதே பாதையில் நடந்தவளுக்குத் தெரியும்.

சின்னப் பையன்களைப் பெரிய பையன்கள் ராகிங் செய்வது அங்கே வழக்கம். முகம் வீங்கி வந்தாலும் ஆசிரியர் கேட்டால் "விழுந்துவிட்டேன்" என்றுதான் சொல்ல வேண்டும். கெல் இரவில் தாழ்வாரங்களில் சுற்றி, சின்னவர்களுக்காகக் குறுக்கே போய் நின்று அடி வாங்குகிறாள். பல நாள் தோற்கிறாள். அடுத்த நாள் மறுபடி போகிறாள். சாப்பாட்டு மண்டபத்துக்கு வேண்டுமென்றே கவுன் போட்டுக்கொண்டு வருகிறாள், தான் பெண் என்பதை யாரும் மறந்துவிடக் கூடாது என்று. ஆலனா மறைக்க வேண்டியிருந்ததை இவள் தலை நிமிர்ந்து காட்டுகிறாள். பணிப்பெண் லலாசாவுக்குப் பிடியிலிருந்து திமிறித் தப்பிக்கும் வித்தைகளைச் சொல்லிக் கொடுக்கிறாள். லலாசா அதை மற்ற பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். பெரிய தேர்வு நாளன்று லலாசாவைக் கடத்திவிடுகிறார்கள். தேர்வுக்குப் போகாவிட்டால் நான்கு வருஷப் பயிற்சியும் முதலிலிருந்து. தெரிந்தே தேடிப் போகிறாள். அதுவும் எங்கே? உயரம் என்றாலே நடுங்குகிற கெல், கோபுரத்தின் வெளிப்புறப் படிகளில் இறங்க வேண்டியிருக்கிறது. 'வலிமை' என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியவில்லை.

டெரி பிராட்செட்டின் டிஃபனி வேறு தினுசு. 2003-இல் வந்த 'தி வீ ஃப்ரீ மென்' நாவலில் அவளுக்கு வயது ஒன்பது. ஆற்றில் ஒரு பூதம் தலைகாட்டுகிறது. கதைப் புத்தகத்தில் அதன் கண் சூப் தட்டு அளவு என்று போட்டிருக்கிறது. டிஃபனி நேரே வீட்டுக்குப் போய் அளவுகோல் வைத்து ஒரு சூப் தட்டை அளக்கிறாள். எட்டு அங்குலம். அப்புறம் வாணலியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து பூதத்தை ஒரே போடு. சிரிக்க வைக்கும் காட்சிதான். ஆனால் அவள் ஏன் சூனியக்காரி ஆக நினைத்தாள் தெரியுமா? ஊரில் தனியாக இருந்த ஒரு கிழவியை, பார்க்கச் சூனியக்காரி மாதிரி இருக்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காக ஜனங்கள் விரட்டிவிட்டார்கள். பனியில் கிடந்து செத்தாள் அந்தக் கிழவி. இனி அப்படி நடக்கக் கூடாது என்றுதான். எதையும் அளந்து பார், ஆதாரம் கேள் என்று இருக்கிற பிள்ளைக்கு வருகிற கோபம் அது. சுத்தமான கோபம்.

லிரியல் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் பதிவு முடியாது. ஆஸ்திரேலிய எழுத்தாளர் கார்த் நிக்ஸ் 2001-இல் எழுதிய 'லிரியல்' நாவலின் நாயகி. எதிர்காலத்தைக் காணும் பெண்களின் குலத்தில் பிறந்தவள், தன்னைவிடச் சின்னவர்களுக்கெல்லாம் அந்தப் பார்வை வந்துவிட, இவள் மட்டும் காத்திருக்கிறாள். பதினான்காம் பிறந்தநாளில் உயிரை விடும் எண்ணத்தோடு மலையுச்சிக்குப் போகிறாள். அவளுக்கு ஒரு நூலக வேலை கிடைக்கிறது, அந்த வேலை அவளைப் பிடித்து நிறுத்துகிறது. கடைசிவரை அவள் ஏங்கிய அந்தப் பார்வை வருவதே இல்லை. கடைசிப் பக்கத்தில் எல்லாம் கைகூடும் கதைகளுக்கு நடுவே இது எவ்வளவு பெரிய தைரியம்!

சண்டையே போடாத ஒருத்தியும் என் பட்டியலில் உண்டு. உர்சுலா லெ குவினின் டெனார். நாவல் 'தி டூம்ஸ் ஆஃப் அதுவான்', 1971. சின்ன வயதிலேயே பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய்ப் பூசாரிணி ஆக்கப்பட்டவள். அவளுடைய பெயரையே எடுத்துவிடுகிறார்கள். விளக்கு ஏற்றவே கூடாத நிலத்தடிச் சுரங்கங்களைக் கையால் தடவித் தடவி, திருப்பங்களை மனப்பாடம் செய்து, அந்த இருட்டுக்கு எஜமானி ஆகிறாள். பின்பு அதே இருட்டை விட்டு வெளியே வருகிறாள். வந்தபின் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தால், அழுகிறாள். வீணாய்ப் போன வருஷங்களுக்காக அழுகிறாள். கூட்டி வந்தவனைக் கொன்றுவிடலாமா என்றுகூட ஒரு கட்டத்தில் நினைக்கிறாள். விடுதலை எவ்வளவு பாரம் என்பதை லெ குவின் எதுவும் பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறார்.

கல்யாணம் பற்றியும் ஒரு வார்த்தை. கிறிஸ்டின் கஷோரின் 'கிரேஸ்லிங்' 2008-இல் வந்தது. அதன் நாயகி கட்சா ஒருவனைக் காதலிக்கிறாள், கல்யாணம் வேண்டாம் என்கிறாள். கதை முடிகிறபோதும் அந்த முடிவு மாறவில்லை. ஆசிரியர் அவளைத் தண்டிக்கவும் இல்லை. இதைப் படிக்கும்போது எனக்கு நம்ம அல்லி அரசாணி நினைவு வந்தது. மதுரையை ஆண்டவள், ஆண்வாடையே ஆகாதென்று இருந்தவள். தூங்குகிறபோது அர்ஜுனன் தந்திரமாக வந்து தாலி கட்டிவிட்டுப் போகிறான். சின்ன வயதில் கேட்டபோதே அது எனக்குப் பிடிக்கவில்லை. அல்லிக்கு வேறு முடிவு வைத்து யாராவது தமிழில் ஒரு நல்ல இளையோர் ஃபேன்டஸி எழுதினால் முதல் பிரதி எனக்குத்தான்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்கு டிஃபனியைக் கொடுங்கள், கூட உட்கார்ந்து நீங்களும் படியுங்கள். அதற்கு அடுத்து கெல். லிரியலைக் கொடுத்தால் அந்த மலையுச்சிப் பகுதியைப் பற்றிப் பிள்ளையோடு பேசுங்கள், தனியாக விடாதீர்கள். டெனாருக்கும் ஏரினுக்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும், பதின்மூன்றுக்கு மேல் சரியாக இருக்கும். பெரியவர்களுக்கு ஜப்பானிய எழுத்தாளர் நஹோகோ உயெஹாஷியின் 'மோரிபிட்டோ'வைச் சொல்வேன். ஈட்டி ஏந்திய மெய்க்காவலாளி பால்சா, உயிருக்கு ஆபத்தில் இருக்கும் ஓர் இளவரசனைக் காக்கும் கதை. சிறுவர்களுக்கான புத்தகம் என்றுதான் வெளியானது. நாயகிக்கு வயது 30.