சத்தமெல்லாம் இருக்கு, தெளிவுதான் இல்லை

காது மெஷின் போட்டவரைப் பார்த்தால் எல்லாரும் கத்துகிறார்கள். அன்பாகத்தான் கத்துகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோப்பிக்கடையில் ஆர்டர் எடுக்கும் அண்ணனிலிருந்து எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து கதை பேசும் பாட்டிகள் வரை, என் காதோரம் அந்த மெல்லிய வயர் கண்ணில் பட்டதும் குரல் ஏறிவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் காது போனது கப்பல் பட்டறையில். தகட்டைத் தேய்க்கிற இரைச்சலும் சுத்தியல் சத்தமும் நாள் முழுக்க. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் வரம்பு என்று இப்போது சிங்கப்பூரில் விதிமுறை இருக்கிறது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காதடைப்பான் மாட்டுகிறவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். உள்காதில் நத்தைக்கூடு வடிவத்தில் ஒரு சுருள் இருக்கிறது, அதற்குள் கண்ணுக்குத் தெரியாத மயிர் செல்கள். வயதானாலும் சரி, இரைச்சலில் கிடந்தாலும் சரி, அந்தச் சுருளின் வாசல் பக்கம் இருக்கும் செல்கள்தான் முதலில் அடிவாங்கும். உச்ச சுருதி ஒலிகளைப் பிடிப்பவை அவைதான். போனது திரும்ப முளைக்காது.

இதனால் நடப்பது என்ன? பேச்சில் ஆ, ஓ மாதிரி உயிரொலிகள் கனமானவை, கீழ் சுருதி ஒலிகள், அவை சுகமாக வந்து சேர்ந்துவிடும். க, ச, த, ப எல்லாம் மெலிந்தவை, அவற்றின் அடையாளம் பெரும்பாலும் உச்ச சுருதியில், கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிவிடும். அதனால் யாரோ பேசுகிறார்கள், என்னிடம்தான் பேசுகிறார்கள், கொஞ்சம் கோபமாகப் பேசுகிறார்கள் என்பது வரை எனக்குத் தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பதுதான் தெரியாது. அடுக்களையில் காற்றாடி ஓடிக்கொண்டிருக்க, முதுகைக் காட்டிக்கொண்டு என் மனைவி ஏதோ எடுக்கச் சொன்னால், அது தட்டா, கட்டா, பட்டா என்று நான் ஊகித்தாக வேண்டும். சமையல் நேரத்தில் பட்டுப்புடவை கேட்கமாட்டாள் என்பதால் தட்டை எடுத்துக் கொடுப்பேன். நாள் முழுக்க இந்த ஊகம்தான் வேலை, அதனால்தான் சாயங்காலம் ஆனால் அப்படி அசதியாக இருக்கிறது. நீங்கள் கத்தும்போது பெரிதாவது அந்த உயிரொலிதான். பாவம், முன்னால் நிற்கும் மெய்யெழுத்து இருந்த இடத்திலேயே கிடக்கிறது. வாய் வேறு கோணிக்கொள்கிறது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதும் போச்சு.

இதில் இன்னொரு கூத்து இருக்கிறது, வீடுகளில் பாதிச் சண்டைக்கு அதுதான் காரணம் என்பேன். "கேட்கலப்பா, கொஞ்சம் சத்தமாச் சொல்லு" என்பார் தாத்தா. பேரன் சத்தமாகச் சொன்னதும், "ஏன்டா இப்படிக் கத்துறே, காது வலிக்குது" என்பார். உடனே வீடே சொல்லும், இவர் நடிக்கிறார், வேண்டியதெல்லாம் நல்லாவே கேட்கும் என்று. அவர் நடிக்கவில்லை ஐயா. சின்ன சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற செல்கள் செத்துவிட்டன, அதனால் கேட்கத் தொடங்கும் அளவு மேலே ஏறிவிட்டது. தாங்கமுடியாத சத்தத்தின் எல்லை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. நடுவில் மிச்சமிருப்பது குறுகலான ஒரு சந்து, அதற்குள்தான் உலகத்துச் சத்தம் அத்தனையும் நுழையவேண்டும். நல்ல ஹியரிங் எய்ட் செய்கிற வேலையே அதுதான்: மெல்லிய சத்தத்தை நிறையத் தூக்கும், பெரிய சத்தத்தைத் தொட்டும் தொடாமலும் விடும், அதுவும் எந்த ஒலியை எவ்வளவு என்று உங்கள் காதுப் பரிசோதனை வரைபடத்தைப் பார்த்து ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) அமைத்துக் கொடுத்தபடி. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிற, எல்லாவற்றையும் ஒரே மாதிரி பெருக்கும் கருவியை அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, "போடவே மாட்டேங்கிறார்" என்று குறை சொல்வதில் அர்த்தமில்லை.

சரியான மெஷினே வாங்கினாலும் முதல் சில வாரம் கொடுமைதான். பிளாஸ்டிக் பை சரசரப்பு, ஏர்கான் உறுமல், கடுகு வெடிப்பது, எல்லாம் மண்டைக்குள் நடப்பதுபோல் இருக்கும். பல வருஷம் மறந்துபோனதை மூளை திரும்பப் பழகவேண்டும், நடுவில் போய் அளவைத் திருத்திக்கொண்டு வரவேண்டும். அந்தத் திருத்தத்துக்குக் கூட்டிப்போக ஆள் இல்லாமல்தான் பல மெஷின்கள் அலமாரி டிராயரில் தூங்குகின்றன. அப்புறம் நம்ம ஊர் புழுக்கம். வியர்வையும் ஈரமும் இதற்கு ஆகாது, ராத்திரி உலர்த்தும் டப்பாவில் வைத்தால் நல்லது.

பணம் ஒரு தடை என்பவர்களுக்கு: 60 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு வீட்டு வருமானத்தைப் பொறுத்து சீனியர்ஸ் மொபிலிட்டி அண்ட் எனேபிளிங் ஃபண்டில் மானியம் உண்டு, ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் கேளுங்கள். முதியவர்களின் கண், காது, பல் மூன்றையும் பரிசோதிக்கிற புராஜெக்ட் சில்வர் ஸ்கிரீன் திட்டம் 2018இலிருந்து நடக்கிறது.

இந்த ஊரில் எனக்குப் பிடித்தது வரிசை எண் திரை. மருந்தகத்தில் எண் வந்தால் எழுந்து போய்விடலாம். ஆனால் ரயில் சுரங்கத்தில் திடீரென்று நின்றால், ஒலிபெருக்கியில் யாரோ ஏதோ சொல்வார்கள், பெட்டியில் எல்லாரும் ஒன்றாக 'ச்சே' என்பார்கள், நான் அவர்கள் முகத்தைப் படித்துக்கொண்டு நிற்பேன். வழக்கமாகச் சொல்வதெல்லாம் திரையில் எழுத்தாக வருகிறது, அவசரத்தில் சொல்வது மட்டும் வாய்மொழியாகவே போகிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் கூகுள் செயலி 2019இல் வந்தது, தமிழும் தெரியும். நம்ம தமிழ்தான் அதற்குத் தெரியாது. "மக்கான் போலாமா" (மலாய் மொழியில் மக்கான் என்றால் சாப்பாடு) என்று நண்பன் கேட்டால் "மகான் போலாமா" என்று பக்தியாக எழுதிக் காட்டும். ஆனாலும் கைத்தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டால் பாதிப் பேச்சாவது தேறும்.

தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வரப்போகிற சொந்தங்களே, டிவியை அணைத்துவிடுவேன், கோபிக்காதீர்கள். சுவரோர நாற்காலி எனக்கு, முதுகுப் பக்கத்து இரைச்சலாவது குறையும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைக் காட்டி, சாதாரணக் குரலில் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதையே திரும்பக் கத்தாமல் வேறு மாதிரி சொல்லிப் பாருங்கள். "ஒண்ணுமில்ல மாமா, விடுங்க" மட்டும் வேண்டாம். ஒண்ணுமில்லாததுக்கா அத்தனை பேரும் அப்படிச் சிரித்தீர்கள்?