எக்செல் தாளில் ஒரு காலிக் கட்டம்

சுற்றுச்சூழல், தொழிலாளர் விஷயங்களில் எப்படி நடந்துகொண்டோம் என்று குடிநீர், கழிவுநீர் நிறுவனங்கள் வருடா வருடம் வெளியிடும் நிலைத்தன்மை அறிக்கைகளை உட்கார்ந்து படிக்கிறவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். நான் படிப்பேன். சில வருடங்கள் அப்படி ஓர் அறிக்கைக்குக் கணக்கு சேகரித்துக் கொடுக்கும் வேலையில் இருந்த பழக்கதோஷம். முன்பக்கங்களில் மரக்கன்று நடும் படமும், குழந்தை கையில் தம்ளர் தண்ணீரும் இருக்கும். அவற்றைத் தள்ளிவிட்டு நேராகக் கடைசி அட்டவணைகளுக்குப் போய்விடுவேன். அங்கேயும் முதலில் தேடுவது, ஒவ்வொரு எண்ணும் எதால் வகுக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான்.

நீர்க்கசிவையே எடுத்துக்கொள்வோம். “கசிவு 20 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது” என்று போட்டிருந்தால், குழாய்களைச் சரிசெய்துவிட்டார்கள் என்றுதான் நினைப்போம். ஒரு பேச்சுக்கு, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அனுப்பி அதில் 2 கோடி மண்ணுக்குள் போகிறது என்று வையுங்கள். 20 சதவீதம். அடுத்த வருடம் ஒரு பெரிய ஆலை புதிதாக இணைப்பு வாங்கி இரண்டரைக் கோடி லிட்டர் எடுக்கிறது. இப்போது அனுப்புவது 12.5 கோடி, மண்ணுக்குள் போவது அதே 2 கோடி. வகுத்துப் பாருங்கள், 16 சதவீதம். ஒரு ஸ்பேனரைக்கூட யாரும் கையில் எடுக்கவில்லை. இதைவிட வேடிக்கை, மக்கள் சிக்கனமாகத் தண்ணீர் செலவழித்தால் இதே சதவீதம் ஏறிவிடும். அதனால்தான் சர்வதேச நீர்ச் சங்கத்தின் நிபுணர்கள், சதவீதத்தை விட்டுவிட்டு ஓர் இணைப்புக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் வீணாகிறது என்று பாருங்கள் என்று வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். 1999-இல் வந்த கசிவுக் குறியீடு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு வலையமைப்பின் குழாய் நீளம், இணைப்புகள், அழுத்தம் ஆகியவற்றை வைத்து, எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் தவிர்க்க முடியாத கசிவு எவ்வளவு என்று கணக்கிட்டு, உண்மையில் கசிவது அதைப்போல் எத்தனை மடங்கு என்று அது காட்டும். அழகான கணக்கு. நான் படித்த அறிக்கைகளில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

கார்பன் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான். சூரிய மின்சாரத்துக்கு மாறிவிட்டோம், உமிழ்வு குறைந்துவிட்டது என்பார்கள். நல்ல விஷயம்தான், பம்பு ஓட்டவே ஏகப்பட்ட கரண்ட் தேவைப்படும் தொழில் இது. ஆனால் கழிவுநீரில் உள்ள நைட்ரஜனை பாக்டீரியாக்கள் மாற்றும்போது நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். 100 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல் 273 மடங்கு வெப்பமேற்றும் என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கை. கூரை முழுக்க சூரியத் தகடு வைத்தாலும் அந்த வாயு நிற்காது. சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டிச் சூத்திரத்தைப் போட்டால் சின்ன எண் வரும், 2019-இல் திருத்தியதைப் போட்டால் பல மடங்கு ஏறும். எதைப் போட்டார்கள் என்பது, சொல்லியிருந்தால், அடிக்குறிப்பில் எறும்பு எழுத்தில் இருக்கும்.

சரி, இதெல்லாம் தண்ணீரும் காற்றும். என்னை உறுத்துவது தொழிலாளர் பக்கம்.

விபத்து விகிதம் என்று ஓர் எண் வரும். மறுநாள் வேலைக்கு வர முடியாதபடி ஏற்பட்ட காயங்களை 10 லட்சத்தால் பெருக்கி, மொத்த வேலை நேரத்தால் வகுப்பார்கள். சிலர் 10 லட்சத்துக்குப் பதில் 2 லட்சம் போடுவார்கள். அதே காயங்கள், ஐந்தில் ஒரு பங்கு எண். இத்தகைய அறிக்கைகளுக்கு சர்வதேச அளவில் தரநிலைகள் வகுக்கும் ஜி.ஆர்.ஐ. அமைப்பின் தொழிலாளர் பாதுகாப்புத் தரநிலையான 403, இரண்டையுமே ஏற்கிறது. எதைப் போட்டோம் என்று சொன்னால் போதும், இது சில்லறைச் சமாச்சாரம். யாருடைய காயம், யாருடைய நேரம் என்பதுதான் விவகாரம்.

இந்தத் தொழிலில் ஆபத்து இருக்குமிடம் பாதாளச் சாக்கடை, கழிவுநீர் சேரும் கிணறு, குளோரின் சிலிண்டர் அறை, சாலையில் தோண்டிய பள்ளம். அங்கே நிற்பவர் பல நேரம் கான்ட்ராக்டரின் ஆள், அல்லது அந்தக் கான்ட்ராக்டரிடம் உள்குத்தகை எடுத்தவரின் ஆள். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பி.பி.எம். (காற்றின் 10 லட்சம் பங்கில் 100 பங்கு) அளவுக்குப் போனால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டதே என்று நம்பி இறங்குபவர் விழுவார், அவரைத் தூக்கப் போனவரும் விழுவார். அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986-இலேயே எழுதியது: இதுபோன்ற மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல், காப்பாற்றப் போனவர்கள்.

நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறவர்களை, சம்பளப் பட்டியலில் இல்லாவிட்டாலும், தனியே கணக்குக் காட்ட வேண்டும் என்று 2018-இல் வந்த அதே 403 சொல்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் நான் ஒரு கான்ட்ராக்டரின் சூப்பர்வைசரை போனில் பிடித்தேன். மொத்த வேலை நேரம் எவ்வளவு என்று கேட்டேன். “நேரமா? அதெல்லாம் எழுதறதில்ல சார். ஒரு அடைப்பு எடுத்தா இவ்வளவுன்னு கூலி” என்றார்.

வகுப்பதற்கே எண் இல்லை. கட்டத்தில் “பொருந்தாது” என்று போட்டோம். பக்கத்துக் கட்டத்தில் நிரந்தர ஊழியர்களுக்கு அழகாக ஒரு பூஜ்யம்.

இத்தனைக்கும், சுற்றுச்சூழல் அத்தியாயத்தில் “நீக்கப்பட்ட சாக்கடை அடைப்புகள்” கடைசி இலக்கம்வரை துல்லியமாக இருந்தது. அது அந்த சூப்பர்வைசர் அனுப்பிய பில்களைக் கூட்டி வந்த எண். அதே பில்லில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்து, அடைப்பை எடுத்தது இயந்திரமா, ஆள் உள்ளே இறங்கினாரா என்று எழுதச் சொல்லியிருக்கலாம். வருடத்தில் எத்தனை முறை மனிதர் குழிக்குள் இறங்கினார் என்ற ஒற்றை எண் கிடைத்திருக்கும். எந்த நீர் நிறுவனத்தின் அறிக்கையைப் பிரித்தாலும் இன்று நான் முதலில் தேடுவது அதைத்தான். அன்றைக்கு எனக்கு அது தோன்றாமல் இல்லை. அறிக்கை அச்சுக்குப் போக நான்கு நாள்தான் இருந்தது, நானும் கேட்கவில்லை.